வசையில்லாத கடிதம்

கொரிகா,
17 மார்ச் 1994, வியாழன்

மீன்குடல் நாற்றமே, நூஹூம் கொந்தாவோவே,

இன்றைக்கு உன்னைத் திட்டிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. ஆனாலும் மலைச்சாதித் தோகோன் பெண் ஒருத்தி மீன்பிடிக்கிற போஸோக்காரனுக்கு எழுதும் கடிதம் வசவில் தொடங்காவிட்டால் என் சனம் என்னைச் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே திட்டிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வாரமாக இங்கே வாரப் படகு வரவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் மாட்டுக்காரர்களோடு நடந்தே போய்விட்டார். நாலு குடிசை காலி. நேற்று முன்தினம் துப்பாக்கிக்காரர்கள் ஏழு பேர் கரையேறி வந்தார்கள். யார் பக்கத்து ஆட்கள் என்று கேட்க யாருக்கும் நெஞ்சில் தைரியமில்லை. மருந்து அலமாரியை அப்படியே தூக்கிக்கொண்டார்கள். ஆற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு பெரியவர் சலாம் சொல்லத் தாமதித்தார் என்று அவருடைய கழுதையைச் சுட்டார்கள். கழுதை சாவதற்கு வெகுநேரம் ஆயிற்று. என் நாலு வயசு மகள் யாத்திமே என் சேலையைப் பிடித்து இழுத்து, "அதுக்கு ஒரு ஊசி போடும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஐந்து வருடம் முன்பு என்னை மருத்துவச்சியாக இந்தக் கரையில் கொண்டுவந்து இறக்கியவன் நீதான். வழியெல்லாம் என்னை அழவைத்துச் சிரித்தாய். இப்போது நீயே வந்து ஏற்றிக்கொண்டு போ. நானும் யாத்திமேயும் மட்டும்தான். அவள் அப்பா கோகோத் தோட்டத்து வேலைக்குப் போனபின் அவரிடமிருந்து ஒரு வரி இல்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு வேறு ஆள் இல்லை.

ஆறு தினமும் ஒரு விரற்கடை இறங்குகிறது. வெயிலைப் பார்த்தால் அடுத்த மாதப் பாதியில் உன் படகின் அடிவயிறு மணலில் உரசும். அதற்குள் வா. கருவாட்டுக்காரி தெனின் தன் தோணியில் இதை யுவாரு துறைவரை கொண்டுபோகிறாள். அங்கிருந்து மேலே வரும் படகில் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உன் எஜமானி,
யாசிகி தெம்பெலி

*

மொப்தி,
22 மார்ச், செவ்வாய்

கல்லிடுக்கில் பிறந்து வெங்காயத்தால் வளர்ந்த யாசிகிக்கு, ஆற்றின் சொந்தக்காரன் நூஹூம் எழுதுவது.

உன் கடிதத்தைத் துறையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கழுதை கட்டம் வந்தபோது படகுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போன வருஷம் என்ன செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? நீ செத்துப்போனதாகச் செய்தி அனுப்பினாய். நான் முட்டாள் மாதிரி அழுதுகொண்டே இரண்டு கூடை கருவாடு ஏற்றி மூன்று நாள் படகு விட்டு வந்தால், பிணம் வாசலில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தது. "கூடையை எறக்கி வை, எனக்குப் பசிக்குது" என்றது. ஒரு தடவை ஏமாந்தால் அது வழக்கம். இரண்டு தடவை ஏமாந்தால் என் பேரப்பிள்ளைகள்வரை தோகோன்கள் சொல்லிச் சிரிப்பீர்கள்.

கோபமில்லை. கோபப்பட எனக்கு உரிமையும் இல்லை. பார்த்த இடத்தில் வைதுகொள்ள வேண்டும், வைதால் முகம் சுளிக்கக்கூடாது, ஒருவர் ரத்தம் மற்றவரால் சிந்தக்கூடாது என்றல்லவா உன் முன்னோரும் என் முன்னோரும் சத்தியம் செய்தார்கள்! அந்தச் சத்தியத்துக்குக் காரணம் யார்? பஞ்சத்தில் உங்கள் குழந்தை சாகக் கிடந்தபோது தன் தொடைச்சதையை அறுத்து ஊட்டியவர் எங்கள் போஸோ முன்னோர். நீ என்னவோ தோகோன்தான் அறுத்துக் கொடுத்தான் என்று ஐந்து வருடமாகச் சாதிக்கிறாய். வெங்காயம் தின்ற தொடையை எவன் தின்பான்?

மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். வலைகளுக்கும் வேலை இருக்கிறது. கீழ்ப்பக்கம் ஏதோ ஒரு படகு எரிந்தது என்று துறையில் சொல்கிறார்கள். துறையில் என்னதான் சொல்லமாட்டார்கள்! நீ வேண்டுமானால் ஒரு நீர்யானையைப் பிடித்து ஏறி வந்துவிடு. உங்களுக்குள் முகஜாடை ஒத்துப்போகும்.

நூஹூம்

*

கொரிகா,
27 மார்ச், ஞாயிறு

நூஹூம் கொந்தாவோ அவர்களுக்கு, யாசிகி தெம்பெலி எழுதிக்கொள்வது.

நீங்களும் உங்கள் மனைவி கோம்பா அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. போன வருடம் நான் செய்தது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கிக்காரர்கள் இப்போது பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவனுக்குத் தொடையில் குண்டடி. என்னைப் பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் எடுத்துப்போன என்னுடைய மருந்தையே கேட்டு வாங்கித்தான் கட்டுப்போட்டேன். காய்ச்சல் இறங்கவில்லை. அவன் செத்தால் நானும் பிள்ளையும் சாவோம் என்று தலைவன் சொல்லியிருக்கிறான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

யாத்திமே ஆறு நாளாகப் பேசவில்லை. பசிக்கிறது என்றும் சொல்வதில்லை.

தெனின் அம்மாளை மட்டும் போகவர விடுகிறார்கள், மீன் வேண்டுமே. அவருடைய தோணி சிறியது. ஒரு ஆளோடு கூடையும் ஏறினால் விளிம்புவரை தண்ணீர். மொப்திக்கு வரும் வழியில் இருக்கும் ஏரியை அதில் தாண்ட முடியாது. துறையில் காவல் வேறு. உங்களால் முடியாதென்றால் முடியாது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். காத்திருப்பதை விட்டுவிடுவேன்.

யாசிகி தெம்பெலி

*

யுவாரு,
3 ஏப்ரல், ஞாயிறு

யாசிகி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. துறையில் நின்றபடியே படித்தேன். வழக்கம்போலச் சுற்றி நின்றவர்கள், "என்ன திட்டியிருக்கா, படிங்க படிங்க" என்றார்கள். நான் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். கோம்பா மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? என்ன வஞ்சிருக்கா அந்தத் தோகோன்காரி?"

"ஒண்ணுமே வையலடி. நீங்கன்னு எழுதியிருக்கா."

அவள் கையிலிருந்த மீன் தண்ணீரில் விழுந்தது. "அப்ப கெளம்புங்க" என்றாள்.

மோட்டாரைப் பூட்ட அரைநாள் ஆனது. அது பிரிந்துதான் கிடந்தது, அது பொய்யில்லை. ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். உன் முதல் கடிதம் விளையாட்டு இல்லை என்று எனக்கு அப்போதே பாதி தெரிந்திருந்தது. படகு எரிந்ததைச் சொன்னவன் அந்தப் படகிலிருந்து நீந்தித் தப்பியவன். அவன் கை வெந்திருந்ததை நானே பார்த்தேன். சிரித்துவிட்டால் போக வேண்டியதில்லை. அதனால் சிரித்தேன். ஊரையும் சேர்த்துச் சிரிக்கவைத்தேன். நம்முடைய வழக்கம் எனக்கு நல்ல போர்வையாக இருந்தது. இதை நீ எப்படி வேண்டுமானாலும் திட்டலாம், திட்டினால் எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கும்.

தனியாக வந்தேன். கூப்பிட்ட எவனும் வரவில்லை, நான் கோபித்துக்கொள்ளவும் இல்லை. தெபோ ஏரியில் வெள்ளிக்கிழமை முழுக்க எதிர்க்காற்று, புழுதியோடு. ஏரியா வானமா என்று தெரியவில்லை. தண்ணீர் இவ்வளவு இறங்கி நான் பார்த்ததில்லை. கழியை விட்டால் இடுப்பளவுக்கு மேல் நனையவில்லை. கரையில் ஆள் இல்லை, ஆடு இல்லை, புகை இல்லை. வெயிலில் ஆறு மட்டும் கண்ணைக் குத்திக்கொண்டு கிடக்கிறது. எரிந்த படகையும் பார்த்தேன். விலா எலும்புகள் மட்டும் நிற்கின்றன. நடுவில் ஒரு தேநீர்க் கெண்டி, மூடி போட்டபடி. நான் மோட்டாரை நிறுத்தி சலாம் சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியாது. முப்பது வருடம் இந்த ஆற்றில் படகு விடுகிறேன், அன்றுதான் இது என் ஆறு இல்லை என்று தோன்றியது.

யுவாருவில் தெனினைப் பிடித்துவிட்டேன். இதை அவளிடம் கொடுக்கிறேன். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றி சத்தமில்லாமல் வருவதாக யோசனை. எந்தப் பக்கம், எந்த நேரம் என்று நீ எழுது. தெனின் பதில் கொண்டுவரும்வரை நகரமாட்டேன்.

நூஹூம்

*

கொரிகா,
5 ஏப்ரல், செவ்வாய்

எங்கள் மேலான நூஹூம் கொந்தாவோ அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். இங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது. நான் பயத்தில் எதையோ பெரிதாக எழுதிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள் நல்ல மனிதர்கள். பிள்ளைக்கு இனிப்பு கொடுக்கிறார்கள்.

நீங்கள் கழி ஊன்றிச் சிரமப்பட வேண்டாம். மோட்டாரோடு, பகலில், நேராகத் துறைக்கே வாருங்கள். பெட்ரோல் நிறையக் கொண்டுவாருங்கள், திரும்பும் வழியில் கிடைக்காது. வேறு ஆள் வேண்டாம். இந்த வறண்ட மாதத்தில் மணல்திட்டுக்கு நடுவே வழி தெரிந்தவர் உங்களைப்போல் யாரும் இல்லை என்று நான் இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஞ்சத்தில் தொடைச்சதையை அறுத்து ஊட்டியது உங்கள் முன்னோர்தான். எங்கள் பக்கம் சொல்வது பொய். தின்றது நாங்கள். உங்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். இதை இவ்வளவு நாள் ஒப்புக்கொள்ளாததற்கு வெட்கப்படுகிறேன்.

உங்கள் பணிவுள்ள,
யாசிகி தெம்பெலி

*

யுவாரு,
7 ஏப்ரல், வியாழன்

யாசிகி,

இது மீனின் வயிற்றுக்குள் வரும். படித்ததும் அடுப்பில் போடு.

தொடை விஷயத்தில் நீ தோற்றதை நான் ஏற்கவில்லை. கழுத்தில் கத்தி வைக்காமல் எந்தத் தோகோனும் அந்த வார்த்தையை எழுதமாட்டாள். அந்த வரியைப் படித்தவுடன் தெனினிடம் கேட்டேன். நான் எழுதியதை உன் பாய்க்கு அடியிலிருந்து அவர்கள் எடுத்ததையும், நீ எழுதும்போது தலைவன் பின்னால் நின்றதையும் சொன்னாள். என் முட்டாள்தனம். நான் வருகிறேன் என்று எழுதியே இருக்கக்கூடாது.

அவர்களுக்குப் படகு வேண்டும், படகை விட எனக்குள் இருக்கும் வழி வேண்டும். இந்தத் தண்ணீரில் மோட்டாரை ஓட்ட போஸோ ஒருவன் இல்லாமல் முடியாது. அதனால் என்னைச் சுடமாட்டார்கள். இதை எழுதிப் பார்த்தால் நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது. எழுதாமல் நினைத்தால் இல்லை.

நாளை வெள்ளிக்கிழமை, உச்சிவேளை. மோட்டார் அலறும்படி நடு ஆற்றில் வருவேன். அவர்கள் கூப்பிட்டபடியே, துறைக்கே. எல்லோரும் துறைக்கு ஓடுவார்கள். அடுத்த ஆள் முந்தி ஏறிவிடுவான் என்று ஒருத்தன்கூடப் பள்ளிக்கூடத்தில் நிற்கமாட்டான். மீன் புகைபோடும் அடுப்புகளுக்குப் பின்னால், நீர்ப்புல்லுக்குள் தோணி நிற்கும். யுவாருவில் ஒருவரிடம் பெரிய தோணி வாங்கித் தெனினிடம் கொடுத்திருக்கிறேன், மூன்று பேருக்கு அது தாங்கும். பிள்ளையை அடியில் படுக்கவைத்துப் பாய் போடு. அவள் பேசாமல் இருப்பது நாளைக்கு மட்டும் நல்லது.

என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாதே. எனக்காக ஒரு துடுப்புகூட நிற்கக்கூடாது.

தெனின், "நீ போய்டலாம்ல, யாரு பாத்தா?" என்று கேட்டாள். போய்விடலாம்தான். காலையிலிருந்து இரண்டு முறை கயிற்றை அவிழ்த்தேன், இரண்டு முறையும் திரும்பக் கட்டினேன். ஆனால் ஒரு தோகோனைக் கரையில் சாக விட்டுவிட்டுப் போன போஸோவுக்கு எந்தத் தண்ணீரில் முகம் கழுவ இடம்? அதோடு நான் ஏற்கனவே ஒரு தடவை போகாமல் இருந்துவிட்டேன்.

கோம்பாவிடம் நான் பயப்படவில்லை என்று சொல். நம்பமாட்டாள், இருந்தாலும் சொல்.

நூஹூம்

*

மொப்தி,
3 ஜூன், வெள்ளி

நூஹூம்,

எங்கே அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன். இது நாலாவது பிரதி. கீழ்ப்பக்கம் போகிற ஒவ்வொரு தோணியிலும் ஒன்று கொடுக்கிறேன். ஒன்றாவது உன் கையில் விழட்டும்.

நாங்கள் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நீ சொன்னபடிதான் நடந்தது. உன் மோட்டார் சத்தம் கேட்டதும் பள்ளிக்கூடம் காலியானது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புல்லுக்குள் போனபிறகு உன் குரல் கேட்டது. "மெதுவா, மெதுவா, கல்லு இருக்கு, ஒருத்தர் ஒருத்தரா ஏறுங்க" என்று கல்யாண கோஷ்டியை ஏற்றுகிறவன் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாய். குரல் நடுங்கவில்லை. பிறகு மோட்டார் கீழ்ப்பக்கமாகப் போனது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக என்னை நானே தினமும் வைதுகொள்கிறேன்.

குண்டடி பட்டவன் முந்தின நாளே இறந்துபோயிருந்தான். நான் அதைச் சொல்லாமல் மூடி வைத்துக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அதை உனக்கு எழுத வழியில்லை. நீ ஒரு நாள் தாமதித்திருந்தால் போதும், எங்களைக் கொன்றிருப்பார்கள்.

உன் படகைக் கண்டுபிடித்தார்கள். கொரிகாவிலிருந்து இரண்டு நாள் பயணத் தொலைவில், ஆற்றுக்கு நடுவே ஒரு மணல்திட்டில், முழு வேகத்தில் ஏற்றிய மாதிரி ஏறிக் கிடக்கிறதாம். மழை வந்து ஆறு நிறையும்வரை யாரும் அதை அசைக்க முடியாது. நீ வழி தவறி ஏற்றினாய் என்று இங்கே ஒருவனும் நம்பவில்லை. திட்டில் கரையை நோக்கி நிறையக் காலடிகளாம். அதில் உன்னுடையதைப்போல் செருப்பில்லாத கால் ஏதும் இருந்ததா என்று வந்தவனைக் கேட்டேன். காற்று உருவத்தை அழித்துவிட்டது என்றான்.

நாற்பது நாள் தாண்டிவிட்டது. உன் தம்பிமார் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்கிறார்கள். உடல் இல்லாவிட்டாலும் தொழுகை நடத்தலாம் என்று இமாம் சொல்லிவிட்டார். ஆனால் போஸோ வீட்டுச் சாவில் தோகோன் வந்து செத்தவனைக் கேலி செய்யாமல் காரியம் முடியாதே. சவப்பாயில் நான் போய் உருண்டு, "எழுந்திருடா சோம்பேறி, மீன் அழுகுது" என்று கத்த வேண்டும். எல்லோரும் சிரிக்க வேண்டும். சிரித்தபிறகுதான் நீ செத்தவன். இந்த வீட்டில் இருக்கும் ஒரே தோகோன் நான். அதனால் என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

உன் தம்பிகள் கேட்ட அன்று கோம்பா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள். நான் வந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசியதில்லை. சோறு மட்டும் வைப்பாள். பேசாததில் நியாயம் இருக்கிறது என்று நானும் பேசவில்லை. அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வாயத் தொறக்காத. நீ ஒரு சொல்லு கேலியா சொன்னா அவரு செத்துருவாரு" என்றாள். யாத்திமே அடுப்போரம் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "படகுக்காரத் தாத்தா எப்ப வருவாரு?" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது. கோம்பா குனிந்து அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள்.

அன்றிலிருந்து எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கோம்பா ஊரறிய வாசலில் வைத்து இஞ்சிக் கஷாயம் காய்ச்சுகிறாள், நான் ஊரறியக் குடிக்கிறேன். இன்று தொழுகை முடிந்து இமாம் நேராக வந்துவிட்டார். "இன்னுமா சரியாகல, மருத்துவச்சியம்மா?" என்றார். நான் கழுத்தைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன். அவர் என்னையும் கோம்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். "அடுத்த வெள்ளிக்கெழம வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை பொறுப்பார் என்பதுதான் தெரியவில்லை. மருத்துவச்சிக்கே ஆறாத தொண்டைக்கட்டு ஊரில் எத்தனை நாள் செல்லும்? அதற்குள் வந்துவிடு.

யாசிகி